அட்டவணைக் கேள்வியா? முதலில் அம்புக்குறி போடுங்கள்

அறிவியல் தேர்வில் அட்டவணை வந்தால் உடனே எண்களுக்குள் இறங்காதீர்கள். தலைப்பையும் அலகையும் பார்த்துவிட்டு, ஒவ்வொரு நிரலுக்கு மேலும் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பென்சிலால் ஓர் அம்புக்குறி போடுங்கள். பல கேள்விகள் அந்தப் போக்கைத்தான் கேட்கின்றன. உதாரணமாக, அட்டவணைத் தலைப்பில் வரும் 'கரைதிறன்' என்ற சொல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. '100 கிராம் நீரில் எத்தனை கிராம்' என்ற அலகே பொருளைச் சொல்லிவிடும். பொட்டாசியம் நைட்ரேட் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 32 கிராம், 60 டிகிரியில் சுமார் 110 கிராம் கரையும்: அம்பு விர்ரென்று மேலே. சாப்பாட்டு உப்போ 36-லிருந்து 37-க்குத்தான் நகரும். அதற்குப் படுக்கைக் கோடு போதும்.

எண்கள் ஏறிப் பிறகு இறங்கினால் (உயிர்களில் வேதிவினைகளை விரைவாக்கும் நொதியின் வேகம் வெப்பநிலையோடு மாறுவது அப்படித்தான்) ஒற்றை அம்பு ஏமாற்றிவிடும், உச்ச எண்ணை வட்டமிடுங்கள். 'ஏன்' என்று கேட்டால் இந்த வழி உதவாது, பாடம் தெரிந்திருக்க வேண்டும்.