காதல், மர்மம், செபம்: வாசகர் நாவலை மூடிவைக்கும் இடங்கள்

திருகோணமலையைக் களமாக வைத்துக் கிறிஸ்தவக் காதல் மர்ம நாவல் எழுத உட்காருகிறவர்கள் பலர் ஒரே மாதிரித்தான் தொடங்குகிறார்கள். கோட்டைப் பக்கம் மேயும் மான், கோணேசர் மலை, உட்துறைமுகத்துக் கப்பல் வெளிச்சம், பிறகு பேராலயத்து மணி. இதிலேயே பதினைந்து பக்கம் போய்விடும். யாருக்கும் ஒரு ஆபத்தும் வந்திராது. வாசகர் "சரியான ஸ்லோ" என்று சொல்லி மூடிவைப்பார். எழுதியவரோ அடுத்த திருத்தத்தில் ஒரு கொலையையும் ஒரு துரத்தலையும் கூட்டுவார். நோய் ஒன்று, மருந்து வேறொன்று.

மெல்ல நகர்வது குற்றமில்லை. இந்த வகைக் கதைக்கு மூன்று இழைகள்: ஆபத்து, காதல், விசுவாசம். ஒரு காட்சி முடியும்போது மூன்றில் ஒன்றாவது தொடங்கிய இடத்தை விட்டு அசைந்திருக்க வேண்டும். அசைந்தால், பாத்திரங்கள் பத்துப் பக்கம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாலும் வாசகர் கூடவே இருப்பார். எதுவுமே அசையாத காட்சிகள் இரண்டு அடுத்தடுத்து வரும்போதுதான் கை தளர்கிறது.

இதைச் சோதிக்க ஒரு கொப்பி போதும். மூன்று நிரல் போட்டு, ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி எழுதுங்கள்: ஆபத்தில் என்ன மாறியது, இருவருக்கும் இடையிலுள்ள நம்பிக்கையில் என்ன மாறியது, விசுவாசத்தில் என்ன மாறியது. மூன்று கட்டமும் வெறுமையாக இருந்தால் அந்தக் காட்சியை அடுத்ததோடு சேர்த்துவிடுங்கள். ஒரே நிரல் மட்டும் ஐந்தாறு காட்சிக்கு நிரம்பிக்கொண்டு போவதும் பிழைதான். காதல் வளர்ந்துகொண்டே போக, மிரட்டியவன் நாற்பது பக்கம் விடுமுறையில் போய்விடுகிற நாவல்கள் அப்படித்தான் பிறக்கின்றன. அளவையும் பாருங்கள். இந்த வகையை ஆங்கிலத்தில் தொடராக வெளியிடும் பதிப்பகம் கேட்பது ஏறத்தாழ 55,000 சொல். தமிழில் சொற்கள் ஒட்டி வருவதால் அதே கதைக்கு 40,000 தாராளம். அதில் முதல் 1,500 சொல்லுக்குள் பதில் தெரியாத ஒரு கேள்வியாவது விழுந்துவிட வேண்டும்.

அந்தக் கேள்வி பிணமாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. உதாரணத்துக்கு, கதாநாயகி ஸ்ரெலா பூசைக்குள் போகும்போது செருப்பைப் படியோரம் கழற்றி விடுகிறாள். வெளியே வரும்போது சோடி அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் முனை இரண்டும் தெருப் பக்கம் திரும்பி, அவள் காலை நுழைத்துக்கொண்டு நடக்க வசதியாக வைக்கப்பட்டிருக்கிறது. முதல் ஞாயிறு அவள் கவனிக்கவே இல்லை, வாசகர் கவனிக்கிறார். இரண்டாம் ஞாயிறு கவனிக்கிறாள். மூன்றாம் ஞாயிறு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போகிறாள். ஒரு சத்தமும் இல்லை. மூன்று வாரத்தை இப்படி மெதுவாகவே கடத்தலாம்.

மூன்று வாரம் என்பதும் காரணத்தோடுதான். கெடு இல்லாமல் மர்மம் ஓடாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதற்காகக் குண்டும் ஆள்கடத்தலும் தேடி அலைகிறார்கள். கத்தோலிக்கக் கல்யாணத்துக்குள்ளேயே கெடு இருக்கிறது. இன்னார் இன்னாரை முடிக்கப்போகிறார் என்று பூசையில் அறிவிக்கும் கல்யாண ஓலை மூன்று ஞாயிறு வாசிக்கப்படும். தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் அறிவிக்கும்படி சபையிடம் கேட்கப்படும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1069ஆம் இலக்கம் அப்படி அறிவிப்பதை விசுவாசிகளின் கடமையாகவே வைத்திருக்கிறது. முதல் ஓலையன்று கடைசி வாங்கில் புதிதாக ஒரு முகம். இரண்டாம் ஓலைக்கு முன்பு பங்குமனைக்குக் கையொப்பமில்லாத ஒரு கடிதம். மூன்றாவது வாசிக்கப்படுமா? இன்னும் இறுக்க வேண்டுமென்றால் கல்யாணத்தை, தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்திய சனிக்கிழமைக்குக் குறித்துவிடுங்கள். தவக்காலத்தில் கல்யாணம் வைக்காத வழக்கம் இருக்கிறது. அந்தச் சனி தவறினால், விபூதிப் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு வரை, ஞாயிறுகளையும் சேர்த்து, 46 நாள் ஊர்வாயில் விழுந்தபடி இருவரும் காத்திருக்க வேண்டும். இவ்வளவு வசதி கையில் இருக்க, ஓலையைக் கடைசி அத்தியாயத்து அலங்காரமாக மட்டும் வைக்கிறார்களே என்பதுதான் ஆதங்கம்.

பாவசங்கீர்த்தனத்தில் செய்யும் பிழை இதைவிட மோசம். கொலைகாரன் சுவாமியிடம், அதாவது குருவானவரிடம், தன் பாவத்தை இரகசியமாகச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறான். சுவாமி கதாநாயகனிடம் "கவனமாயிரு தம்பி" என்று மறைமுகமாகச் சொல்லிவிடுகிறார். விசயம் தெரிந்த கத்தோலிக்க வாசகர் அந்த வரியிலேயே புத்தகத்தை வைத்துவிடுவார். அதே திருச்சபைச் சட்டத்தின் 983ஆம் இலக்கம் வார்த்தையாலோ வேறு எந்த வகையிலோ காட்டிக்கொடுப்பதை முற்றாகத் தடுக்கிறது. அங்கே கேட்டதை வைத்துப் பாவசங்கீர்த்தனம் செய்தவருக்குப் பாதகமாக நடப்பதைக்கூட 984 தடுக்கிறது. சுவாமி கதாநாயகனை மட்டும் ஊரைவிட்டு அனுப்பிவைக்கும் காட்சியும் அதனால் சிக்கல்தான். அவருக்குத் தெரியும், அவர் அசையவும் முடியாது. மர்மம் அங்கேதான் இருக்கிறது. சாடை காட்ட வைத்தால் அதையும் இழந்துவிடுவீர்கள்.

செபத்துக்கு வருவோம். கதாநாயகி முழங்காலில் நிற்கிறாள், ஒரு பக்கம் முழுக்கச் செபம், அடுத்த வரியில் பொலிஸ் ஜீப். இது ஒருமுறை நடந்தால் வாசகர் பொறுத்துக்கொள்வார். இரண்டாம் முறை நடந்த பிறகு எந்த ஆபத்துக்கும் பயப்பட மாட்டார். கடவுள் உதவட்டும், ஆனால் கதவைத் திறப்பதா வேண்டாமா என்ற முடிவு அவள் கையில் இருக்கட்டும். அடுத்த அறையில் யாரோ நடக்கும்போது யாரும் முழு வாக்கியத்தில் செபிப்பதில்லை. மூன்று நான்கு வரி போதும், அதிலும் பாதி அறுந்தே வரலாம். இருளோடு முடிகிற 88ஆம் சங்கீதம் வேதாகமத்திலேயே இருக்கும்போது, எழுதுகிறவர் மட்டும் ஒவ்வொரு செபத்தையும் ஆறுதலில் முடிக்க அவசரப்படுவது ஏனோ தெரியவில்லை. பாதுகாப்பு என்றதும் எல்லாரும் 91ஆம் சங்கீதத்தை எடுக்கிறார்கள். மத்தேயு 4:6இல் சோதனைக்காரனான சாத்தான் இயேசுவிடம் எடுத்துக்காட்டுவதும் அதே சங்கீதத்தைத்தான். அவள் தலையணைக்குக் கீழே எழுதி வைத்திருக்கும் வசனத்தை மிரட்டுகிறவன் தொலைபேசியில் ஒப்புவித்தால், விசுவாசமும் ஆபத்தும் ஒரே காட்சியில் அசைந்துவிடும்.

கதாநாயகன் இந்துவாக இருந்தால் கடைசி மூன்று பக்கத்தில் அவசரமாக ஞானஸ்நானம் எடுக்கிறான். அப்படி மாறாமலே, ஆயரிடம் விலக்கு வாங்கித் தேவாலயத்தில் கல்யாணம் செய்ய வழி உண்டு. மாறுவதானால் நூறு பக்கத்துக்கு முன்பே விதை போடுங்கள்.

ஊர் விபரத்தில் வழுக்கினாலும் மர்மம் உடையும். இங்குள்ள வாசகருக்கு இதெல்லாம் உடனே கண்ணில் படும். கடல் பெருகிக் குகைக்குள் கழுத்தளவு ஏறும் காட்சி ஐரோப்பியக் கரையில் நடக்கலாம். இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. கடல் அடிக்கவேண்டுமென்றால் கதையைக் கார்த்திகை, மார்கழி மாரிக்குக் கொண்டுபோங்கள். வைகாசி தொடக்கம் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து காற்று வீசும் கச்சான் காலத்தில் இந்தக் கரை பொதுவாக அமைதி, புறாத்தீவுக்குப் படகு ஓடுகிற காலம் அது. 2009இல் பாலம் திறந்த பிறகு நடக்கிற கதையில், கிண்ணியாத் துறையில் பாதைக்கு, அதாவது ஆளையும் வாகனத்தையும் அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதவைக்கு, காத்து நின்று காதலன் பிந்த முடியாது. மோட்டார் சைக்கிளில் இரண்டு நிமிடத்தில் அக்கரை. பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, கோணேசர் கோயிலுக்கான வழியும் அதனூடாகத்தான் போகிறது. நள்ளிரவில் வில்லன் அவளை மலை உச்சிக்கு இழுத்துப்போனான் என்றால், வாசலில் காவல் நின்றவர் என்ன செய்துகொண்டிருந்தார்?

எழுதி முடித்ததும் மூன்று பேருக்குக் கொடுங்கள், சொந்தக்காரர் வேண்டாம். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் சொல்வார்கள். புத்தகத்தை எந்தப் பக்கத்தில் கீழே வைத்தார்கள், மறுபடி எடுக்க எத்தனை நாள் ஆனது என்று கேளுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தைச் சொன்னால், பிழை அந்தப் பக்கத்தில் இருக்காது; அதற்கு முந்திய இரண்டு காட்சியைப் பாருங்கள்.

பின்னட்டையையும் விட்டுவிடக் கூடாது. உள்ளே ஓலையும் திரும்பிய செருப்பும் இருக்க, வெளியே "நெஞ்சைப் பதறவைக்கும் திகில்" என்று அச்சடித்து, துவக்கோடு ஒரு நிழல் உருவத்தைப் போட்டால் வருகிறவர் துப்பாக்கிச் சண்டைக்காகத்தான் வருவார். அவர் ஏமாந்ததற்கு நடையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பின்னட்டையில் நான்கு வரி போதும்: யார், எந்த நாளுக்குள், எதை இழக்கப்போகிறாள், யாரை நம்ப முடியவில்லை. வேத வசனத்தை உள்ளட்டைக்கு மாற்றிவிடலாம்.