பிரியாணி தினத்துக்கு அண்டா தூக்கும் முன்: மாதாந்தர நன்கொடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் அக்கா மகள் சென்னையிலிருந்து கூப்பிட்டாள். அலுவலகத்தில் ஒன்பது பேர் சேர்ந்து மாதாமாதம் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் பணம் கொடுக்கப் போகிறார்களாம். வெறுமனே கொடுத்தால் சப்பென்று இருக்குமே என்று தோசை தினம், இட்லி தினம், டீ தினம் என உணவு நாள்களோடு அதை முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். "ஜூலை முதல் ஞாயிறு பிரியாணி தினம், சித்தி. அன்னைக்குத்தான் ஆரம்பம். நூறு பேருக்குச் சமைக்கச் சொல்லியாச்சு, பேனரும் அடிக்கக் குடுத்தாச்சு" என்றாள்.

பேனர் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. திருச்சியில் நாங்கள் பதினொரு பேர் இதே வேலையை 2023 ஜனவரியில் தொடங்கினோம். அவள் சொன்ன ஒவ்வொன்றையும் நாங்கள் அப்போதே செய்து கெட்டோம். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். போலி நிறுவனத்துக்குக் கொடுக்காதீர்கள், ரசீது வாங்குங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது தெரியாதவர் யாரும் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டார்.

முதல் மாதமே பெரிய தொகை

எங்களோடு பன்னிரண்டாவதாகச் சேர்ந்த ஒருவர் எடுத்த எடுப்பில் மாதம் 2,000 என்றார். கைதட்டினோம். ஏப்ரலில் பள்ளிக் கட்டணம் வந்தது, பணம் நின்றது. மே மாதம் ஆளும் நின்றுவிட்டார். பணம் வராதது ஒரு பக்கம் இருக்கட்டும், வெட்கப்பட்டுக்கொண்டு அவர் எங்கள் முகத்தில் விழிப்பதையே விட்டுவிட்டார்.

என் அப்பாயி உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் திரும்ப எடுத்து மூலையில் இருக்கும் பானையில் போடுவார். பிடி அரிசி. அந்த ஒரு பிடி குறைந்ததால் எங்கள் வீட்டில் யாருக்கும் வயிறு குறைந்ததில்லை. தொகை அந்த அளவில் இருந்தால் போதும். மற்ற பதினொரு பேரும் தொடக்கத்திலேயே ஆளுக்கு 500 என்று வைத்துக்கொண்டோம், இன்றும் அதுதான்.

விருந்துக்காக மாதப் பணத்தை நிறுத்தியது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. முழுக்க எங்கள் தவறு என்பதால் கோபித்துக்கொள்ளக்கூட வேறு ஆள் இல்லை.

பதினொரு பேர், ஆளுக்கு 500 என்றால் மாதம் 5,500. ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஒழுங்காக ஒரு சிறிய இல்லத்துக்குக் கொடுத்தோம். அங்கே நாற்பத்திரண்டு பிள்ளைகள். பணம் எதற்குப் போகிறது என்று யாரும் கேட்கவில்லை, ரசீது வந்தது, போதும் என்று இருந்துவிட்டோம். பிரியாணி தினம் என்று ஒன்று வந்திருக்கிறது, 2022இல் ஒரு பாசுமதி அரிசி நிறுவனம் தொடங்கி வைத்தது என்று எங்களில் ஒருவர் மே மாதம் கண்டுபிடித்து வந்தார். அடுத்த பிரியாணி தினம் 2023 ஜூலை 2. மே, ஜூன், ஜூலை மூன்று மாதப் பணத்தையும் சேர்த்து வைத்தால் 16,500, பிள்ளைகளுக்கு ஜமாய்த்துவிடலாம் என்று முடிவானது. அதாவது இரண்டு மாதம் இல்லத்துக்கு ஒரு பைசா போகவில்லை. பின்னால் மொத்தமாகச் செய்யத்தானே போகிறோம் என்ற நினைப்பு.

ஆறு கிலோ அரிசிக்குச் சிக்கன் பிரியாணி சொன்னோம். அண்டா வாடகை, ஆட்டோ, ஸ்வீட், வாழைப்பழம், தண்ணீர் பாட்டில், 700 ரூபாய்க்கு ஒரு பேனர். பன்னிரண்டு மணிக்குப் போய் இறங்கினோம். பேனர் கட்ட ஆணி கிடைக்கவில்லை, அதற்கு இருபது நிமிடம். குழுப்படம், எங்களில் ஒருவர் பேசிய பேச்சு எல்லாம் முடிந்து இலை போடும்போது ஒன்றேகால். பிள்ளைகள் அதுவரை சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

பரிமாறினால் யாரும் சாப்பிடவில்லை. தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பொடியன் ஒருவன் மெல்ல என் சேலையை இழுத்து, "அக்கா, தயிர்சாதம் இருக்கா?" என்று கேட்டான்.

அந்த வியாழக்கிழமைதான் பக்ரீத். அன்று இரண்டு வீட்டிலிருந்து பிரியாணி, வெள்ளிக்கிழமை ஒரு வீட்டிலிருந்து. சனிக்கிழமை யாருக்கோ பிறந்தநாள், குஸ்கா. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்வலம். இல்லத்தில் ஒரு டைரி இருக்கிறது, எந்த நாளைக்கு யார் சாப்பாடு என்று அதில் எழுதி வைப்பார்கள். ஞாயிறு என்றால் பல வாரங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். நாங்கள் அதைக் கேட்கவே இல்லை. ஆச்சரியப்படுத்தப் போகிறோமாம்.

பாதி அண்டா மிச்சம். சாயங்காலம் சூடாக்கிக் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார், சமையல்கார அம்மா முடியவே முடியாது என்றுவிட்டார். அவர் சொன்னதுதான் சரி. சமைத்த சோறு 60 டிகிரிக்குக் கீழே ஆறி மணிக்கணக்கில் கிடந்தால் பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமி அதில் பெருகும். அது விடும் ஒருவகை நஞ்சு திரும்பக் கொதிக்க வைத்தாலும் போகாது. காலையில் தம் போட்ட சோறு, ஜூலை வெயில், மூடிய அண்டா. பின்பக்கம் குழி வெட்டிக் கொட்டினோம். பேனர் மேலே "பசியில்லா உலகம்" என்று சிரித்துக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது பொறுப்பாளர் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். உங்க பணத்தை நம்பித்தான் பால் வாங்கிட்டிருந்தேன். தினம் நாலு லிட்டர். ரெண்டு மாசமா வரலயா, பால்காரர் நிறுத்திட்டார். பசங்களுக்கு இப்ப கடுங்காப்பிதான்" என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "பிரியாணி குடுக்க ஆள் இருக்காங்க மேடம். பால் பாக்கி குடுக்கத்தான் ஆள் இல்லை" என்றார்.

நாலு லிட்டர், லிட்டர் 45, முப்பது நாள். 5,400. நான் கணக்கு வேலை பார்க்கிறவள். அந்தக் கணக்கை ஜனவரியிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

வடலூரில் 1867 மே 23ஆம் தேதி வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அந்த அடுப்புக்கு எங்களைப் போன்ற கூட்டம் ஒன்று, "மே, ஜூன் விறகு கிடையாது, ஜூலையில் சேர்த்து ஒரு லாரி தருகிறோம்" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அப்படியானால் உணவு நாளெல்லாம் வேண்டாமா என்றால், வேண்டும். கொண்டாட்டம் இல்லையென்றால் எங்கள் குழு ஒரு வருஷத்தில் கலைந்திருக்கும். நாங்கள் செய்த கோளாறு, விருந்தைத் தலைகீழாகப் பிடித்ததுதான். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து பார்த்திருப்பீர்கள். கறிச்சோறு போடுவார்கள், சாப்பிட்டவர் மொய் வைப்பார், ஒரு ரூபாய் விடாமல் நோட்டில் ஏறும். 2024இல் வயநாடு நிலச்சரிவுக்குத் திண்டுக்கல்லில் இப்படி மொய் விருந்து வைத்து நிதி திரட்டினார்கள். அமெரிக்காவில் ஜூன் முதல் வெள்ளிக்கிழமை கொண்டாடும் டோனட் தினமும் இதே கதைதான். முதல் உலகப் போரில் சிப்பாய்களுக்கு டோனட் பொரித்துக் கொடுத்த பெண்களின் நினைவாக, 1938இல் சிகாகோவில் சால்வேஷன் ஆர்மி என்னும் கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு நிதி திரட்டுவதற்காகத் தொடங்கிய நாள் அது. எல்லா இடத்திலும் சாப்பிடுகிறவர்தான் பணம் வைக்கிறார். நாங்களோ வயிறு நிறைந்த பிள்ளைகளைச் சாப்பிட வைத்து, நாங்கள் படம் எடுத்துக்கொண்டோம்.

இப்போது எப்படி என்றால், மாதப் பணம் மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் போய்விடும். அதை எந்தத் தினமும் தொடக்கூடாது. உணவு நாள் வந்தால் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். மார்ச் 30 இட்லி தினம் என்றால் இட்லி, மூன்று சட்னி, இதை ஓட்டலில் சாப்பிட்டிருந்தால் என்ன ஆகுமோ அது உண்டியலுக்கு. கல்லு மாதிரி இட்லி வார்த்தவருக்கு அபராதம் 50. (போன மூன்று வருஷமும் கட்டியது நான்தான்.) அந்த உண்டியல் பணம் இல்லத்தின் எதிர்பாராத செலவுக்கு. ஒரு தடவை மிக்சி, ஒரு தடவை கழிவுநீர்த் தொட்டி.

பற்றுத் தேதி

வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகிற மாதிரி வைப்பது நல்லதுதான். ஆனால் 28ஆம் தேதி வைக்காதீர்கள். மாதக் கடைசியில் இருப்பு இருக்காது, பற்று திரும்பும், சில வங்கிகள் அதற்கு அபராதமும் பிடிக்கும். சம்பளம் வந்த மூன்றாம் நாள் வையுங்கள். கார்டு, யுபிஐ வழியாக வைத்திருந்தால், பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வரும். ரிசர்வ் வங்கி விதி அது. பலர் அதைப் பார்த்ததும் ஏதோ மோசடி என்று பயந்து ரத்து செய்துவிடுகிறார்கள். எங்கள் குழுவிலேயே இரண்டு பேர்.

80ஜி கனவு

80ஜி என்பது நன்கொடைக்கு வரிக்கழிவு தரும், 1961 வருமான வரிச் சட்டத்தின் பிரிவு. பிரியாணிக்கு அந்தக் கழிவு கிடையாது. அரிசி மூட்டைக்கும் கிடையாது. பொருளாகக் கொடுப்பது எதுவும் கணக்கில் வராது, ரொக்கமும் 2,000 ரூபாய்க்கு மேல் போனால் வராது. புதிய வரி முறையில் இருப்பவருக்கு 80ஜி என்ற பேச்சே இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் மார்ச் மாதம் எனக்கு போன் செய்கிறவர்களின் பட்டியல் நீளம்.

புரட்டாசியில் முட்டை

உலக முட்டை தினம் அக்டோபர் இரண்டாம் வெள்ளி. நம் ஊரில் அது புரட்டாசியில்தான் வந்து விழும். முதல் வருஷம் முட்டை தோசை என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்தால், பதினொரு பேரில் ஏழு பேர் தண்ணீர் மட்டும் குடித்தார்கள். இப்போது நாங்கள் தின்னாத முட்டையைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். அதுவும் பச்சை முட்டையாக, தட்டுத் தட்டாக, டைரியைக் கேட்டுவிட்டு. முட்டை ஒரு வாரம் தாங்கும், பிரியாணி தாங்காது. நாள்காட்டியில் பார்க்கும் தேதியை ஒரு தடவை பஞ்சாங்கத்திலும் பார்த்துவிடுங்கள்.

பிள்ளைகளைப் படம் எடுப்பது

எடுக்காதீர்கள். இல்லத்துப் பிள்ளைகளின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது.

பேனர்

வேண்டாம்.

பழைய துணியைச் சேர்த்துக் கொண்டுபோவது

அதுவும்.

இதையெல்லாம் போனிலேயே அக்கா மகளிடம் கொட்டினேன். இல்லத்துக்கு போன் செய்து மாதம் எந்தச் செலவு இடிக்கிறது என்று மட்டும் கேள் என்றேன். அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டாள்.

"கேஸ் சிலிண்டராம், சித்தி. மாசம் நாலு ஆகுதாம். அதைப் பத்தி இதுவரை யாருமே கேட்டதில்லையாம்."

"அட்வான்ஸ் எவ்வளவு குடுத்த?"

"மாஸ்டருக்கு ரெண்டாயிரம். திருப்பித் தர மாட்டார்."

"சரி போகட்டும். அவரையே ஒரு கிலோவுக்கு ஆக்கச் சொல்லு, ஒன்பது பேரும் உன் வீட்டுல சாப்பிடுங்க. இலைக்கு இருநூறு மொய்."

"பேனருக்கு என்ன பண்றது?"

"பிரிச்சுக் கீழ விரிச்சு அதுமேல உக்காருங்க."