பழைய ஆஃப்ரோடு வண்டிக்கு வயரிங் ஹார்னஸ் மாற்றுவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

ஹெட்லைட்டைப் போட்டால் ஹாரன் மங்குகிறது. இண்டிகேட்டரைத் தட்டினால் டெயில் லைட்டும் சேர்ந்து மின்னுகிறது. வைப்பரைப் போட்டதும் பியூஸ் போகிறது. பழைய ஜீப்போ லேண்ட்ரோவரோ வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் பழகிய தொல்லைகள். இதற்காக உடனே முழு வயரிங்கையும் மாற்றக் கிளம்பிவிடாதீர்கள். முதல் இரண்டும் பெரும்பாலும் எர்த் (கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதை) கோளாறாகவே இருக்கும். ஹார்னஸை, அதாவது வண்டி முழுக்க ஓடும் வயர்களின் கட்டை, தொடாமலே சரியாகிவிடலாம்.

ஆகவே வேலை எர்த்தில் தொடங்குகிறது.

எர்த்தைச் சோதியுங்கள்

ஹெட்லைட்டை எரியவிடுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலிலும், மறுமுனையை ஹெட்லைட்டின் எர்த் வயர் பாடியில் சேரும் போல்ட்டிலும் வையுங்கள். 0.1, 0.2 வோல்ட் என்றால் பரவாயில்லை. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் எங்கேயோ துருவோ பெயிண்ட்டோ கரண்டைத் தடுக்கிறது. போல்ட்டைக் கழற்றி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

இஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவே பட்டையாகப் பின்னிய எர்த் ஸ்ட்ராப் ஒன்று இருக்க வேண்டும். இஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால் இந்த ஸ்ட்ராப் இல்லாமல் கரண்டுக்குச் சரியான வழி கிடையாது. அது அறுந்துபோன வண்டியில் ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். ஸ்டார்ட் செய்யும்போது சோக் கேபிள் சூடானால் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஸ்ட்ராப்பைத்தான்.

ஒரு எச்சரிக்கை. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் தான் எர்த். லேண்ட்ரோவர் சீரிஸ் 2ஏ 1967-ல்தான் நெகட்டிவ் எர்த்துக்கு மாறியது. போர்க்கால வில்லிஸ் ஜீப்போ 6 வோல்ட் வண்டி. பேட்டரியின் எந்த டெர்மினல் பாடியோடு சேர்கிறது, வோல்ட் எவ்வளவு என்று பார்த்த பிறகே மற்றது. இங்கே சொல்வதெல்லாம் 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் வண்டிக்கு.

ஒட்டுவதா, மாற்றுவதா?

இஞ்சினுக்குப் பக்கத்தில் ஓடும் வயர் ஒன்றை விரலால் மெல்ல வளையுங்கள். இன்சுலேஷன் பொரிபொரியாக உதிர்ந்தால் ஹார்னஸின் ஆயுள் முடிந்தது. நுனியைச் சீவினால் உள்ளே செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தாலும் அப்படியே. பின்பக்க டெயில் லைட்டுக்குப் போகும் கிளை மட்டும் கெட்டிருந்து மற்றவை வளைந்து கொடுத்தால், அந்தக் கிளையை மட்டும் மாற்றுங்கள், போதும். முந்தைய உரிமையாளர்கள் ஆளுக்கொரு இடத்தில் முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட்கள் எல்லாத் திசையிலும் தென்பட்டால், ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துவதைவிடப் புதிதாகப் போடுவது சுலபம்.

கழற்றுவதற்கு முன் வரையுங்கள்

பலர் அவசரப்பட்டுத் தாண்டிவிடும் கட்டம் இது. மொத்த வேலையில் பாதி இதுதான் என்பேன். ஒவ்வொரு இணைப்பையும் போட்டோ எடுங்கள். அப்புறம் மாஸ்கிங் டேப்பில் எழுதி வயரின் இரண்டு முனையிலும் ஒட்டுங்கள். "லைட் சுவிட்ச்" என்று மட்டும் எழுதினால் பின்னால் உதவாது. "லைட் சுவிட்ச், இடமிருந்து இரண்டாவது பின்" என்று எழுத வேண்டும். கூடவே ஒரு பெரிய தாளில் வண்டியை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்து, எந்த வயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நிறம் மங்கி எல்லா வயரும் ஒரே பழுப்பாகத் தெரிகிறதா? சுற்றியிருக்கும் டேப்பை நாலு விரல் நீளத்துக்குப் பிரித்துப் பாருங்கள். வெயிலும் எண்ணெயும் படாத இடத்தில் பழைய நிறம் அப்படியே இருக்கும். லூகாஸ் என்ற மின்சாமான் நிறுவனத்தின் வயரிங் உள்ள பிரிட்டிஷ் வண்டிகளில் நிறத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பிரவுன், எப்போதும் கரண்ட் இருக்கும் பேட்டரி வயர். வெள்ளை, சாவி போட்டால் உயிர் வரும் இக்னிஷன் வயர். பச்சை, அதே இக்னிஷன் கரண்ட் பியூஸ் தாண்டி வருவது. நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங், டெயில் லைட்டுகள், கறுப்பு எர்த். மற்ற நாட்டு வண்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. உங்கள் மாடலின் வயரிங் டயக்ராம்தான் கடைசிப் பேச்சு.

கழற்றுதல்

பேட்டரியில் எர்த் டெர்மினலை முதலில் கழற்றுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றப் போனால் ஸ்பேனர் பாடியில் பட்டதும் பேட்டரி ஷார்ட் ஆகும்.

பழைய ஹார்னஸை வெட்டி வெட்டி எடுக்காதீர்கள். கிளிப்களை விடுவித்து முழுதாக உருவி, தரையில் வண்டியில் இருந்த வடிவத்திலேயே விரித்து வையுங்கள். புதிய வயரின் நீளத்தையும் கிளைகள் பிரியும் இடத்தையும் இதை வைத்துத்தான் அளக்கப் போகிறோம். உங்கள் மாடலுக்கென்றே செய்த ரெடிமேட் ஹார்னஸ் கிடைத்தால் முதல்முறைக்கு அதுவே நல்லது. அதையும் பழையதன் பக்கத்தில் போட்டு ஒப்பிட்ட பிறகே வண்டியில் ஏற்றுங்கள்.

வயரின் தடிமன், பியூஸ், ரிலே

சொந்தமாகக் கட்டுபவர்கள் இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். இரண்டு ஹெட்லைட், ஒவ்வொன்றும் 55 வாட் என்றால் மொத்தம் 110 வாட். 12-ஆல் வகுத்தால் சுமார் 9 ஆம்பியர். பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு சுவிட்ச், டிம்மர் (ஹை பீம், லோ பீம் மாற்றும் சுவிட்ச்) என்று சுற்றிக்கொண்டு விளக்குக்கு வர 5 மீட்டர் வயர் ஆகிறது, அது 1.5 சதுர மி.மீ. வயர் என்று வையுங்கள். வயரில் மட்டுமே ஏறக்குறைய அரை வோல்ட் போய்விடும். பழைய சுவிட்சும் எர்த்தும் இன்னொரு அரை வோல்ட்டைத் தின்னும். ஹாலஜன் பல்பில் ஒரு வோல்ட் குறைந்தால் வெளிச்சம் கால் பங்கு குறையும்.

இதற்குத்தான் ரிலே, சின்ன கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச். 30 என்ற பின்னுக்குப் பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக 2.5 சதுர மி.மீ. வயர் கொடுங்கள். 87-லிருந்து விளக்குக்கு. 86-க்கு டிம்மரிலிருந்து வரும் பழைய ஹெட்லைட் வயர், 85 எர்த். ஹை பீமுக்கு ஒரு ரிலே, லோ பீமுக்கு ஒன்று. ரிலேயை முன்பக்கத்தில் வைத்தால் முக்கியக் கரண்ட் போகும் தூரம் ஒன்றரை மீட்டருக்குள் அடங்கும். டேஷ்போர்டு சுவிட்ச் ரிலேயை இயக்கும் சின்ன கரண்டை மட்டும் சுமப்பதால் அதுவும் பிழைக்கும்.

பியூஸ் காப்பாற்றுவது வயரை, பல்பை அல்ல. ஆகவே பியூஸை வயரைப் பார்த்துப் போடுங்கள். 1 சதுர மி.மீ. வயருக்கு 10 ஆம்பியர், 1.5-க்கு 15, 2.5-க்கு 20 என்பது பாதுகாப்பான அளவு. பிளேடு பியூஸில் 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். பழைய சீரிஸ் லேண்ட்ரோவர்களில் மொத்தமே இரண்டு பியூஸ் வைத்த வண்டிகள் உண்டு. ஹெட்லைட், ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர் ஒவ்வொன்றுக்கும் தனி பியூஸ் வையுங்கள். காட்டுப்பாதையில் ஒன்று போனாலும் மற்றவை ஓடும்.

இரண்டு பொறிகள்

சில வண்டிகளில் இக்னிஷன் சுவிட்சிலிருந்து இக்னிஷன் காயிலுக்குப் போவது சாதா வயர் அல்ல. வேண்டுமென்றே மின்தடையோடு செய்த பலாஸ்ட் வயர். பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். அதன் இடத்தில் வெறும் செம்பு வயர் போட்டால் வண்டி ஜோராக ஸ்டார்ட் ஆகும், சில நாளில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் கருகும், காயில் கொதிக்கும். காயிலின் பிரைமரியை (இரண்டு சின்ன டெர்மினல்களுக்கு நடுவே) மல்டிமீட்டரில் ஓம் அளவில் வைத்து அளங்கள். 3 ஓம் பக்கம் இருந்தால் பொதுவாகப் பலாஸ்ட் தேவையில்லை. ஒன்றரை ஓம் பக்கம் என்றால் அந்த வயரோ தனி பலாஸ்ட் ரெசிஸ்டரோ கட்டாயம்.

இன்னொன்று அம்மீட்டர், கரண்டை அளக்கும் டேஷ்போர்டு மீட்டர். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டிய வண்டியில், அது தரும் அதிகக் கரண்ட் முழுக்க டேஷ்போர்டு வரை வந்து இந்தக் குட்டி மீட்டர் வழியாகத் திரும்பும். பின்னால் ஒரு நட் லூசானால் அங்கேயே தீப்பிடிக்கலாம். ஆல்டர்னேட்டர் வயரைத் தகுந்த பியூஸோடு நேராகப் பேட்டரிக்குக் கொண்டுபோய், அம்மீட்டருக்குப் பதில் வோல்ட்மீட்டர் வைப்பதே என் விருப்பம்.

ஜாயிண்டும் பாதையும்

சரியான கிரிம்பிங் டூலால் லக்கை (வயர் நுனியில் மாட்டும் உலோக முனையை) அழுத்துங்கள், சாதா பிளையர் வேண்டாம். அழுத்தியதும் ஒரு இழு இழுத்துப் பாருங்கள், கையோடு வந்தால் அது ஜாயிண்டே இல்லை. சால்டர் வைத்த இடத்தில் வயர் விறைத்துப்போய், ஆட்டத்தில் அந்த விளிம்பிலேயே முறியும். குலுங்கும் வண்டிக்கு கிரிம்ப்தான் சரி. மேலே உள்பக்கம் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கும் குழாய்) போட்டால் தண்ணீர் ஏறாது.

இஞ்சினையும் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் ஃபயர்வால் தகட்டின் ஓட்டை ஒவ்வொன்றிலும் ரப்பர் வளையம் (குரோமெட்) இருக்க வேண்டும். தகட்டின் விளிம்பு வயரை அறுப்பது வெளியே தெரியாது. சைலன்சர் பைப்பிலிருந்து தள்ளி, சேசிஸின் உள்பக்கமாக, ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு கிளிப். இஞ்சினுக்குத் தாவும் இடத்தில் கொஞ்சம் தளர்வு விடுங்கள், அது ஆடும். கனெக்டர்களை முடிந்தவரை உயரத்தில் வையுங்கள். ஓடையில் இறங்கும் வண்டி அல்லவா!

கரண்ட் கொடுத்தல்

நேரடியாகப் பேட்டரியை மாட்டாதீர்கள். பியூஸ் எல்லாவற்றையும் உருவிவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலுக்கும் எர்த் கேபிளுக்கும் நடுவே 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை இணையுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். பல்பு 2 ஆம்பியருக்கு மேல் விடாது என்பதால் வயர் கருகாது.

எல்லா சுவிட்சும் ஆஃபில் இருக்க, பியூஸை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது பல்பு பளிச்சென்று எரிகிறதோ அந்த வழியில்தான் கோளாறு. பார்க்கிங் லைட்டைப் போட்டால் பல்பு மங்கலாக எரியும், அது இயல்பு. ஹெட்லைட்டைப் போட்டால் நன்றாகவே எரியும், அதையும் ஷார்ட் என்று எண்ணிவிட வேண்டாம். ஸ்டார்ட்டரை மட்டும் இந்த நிலையில் தொடாதீர்கள்.

பல்பு அமைதியாக இருந்தால் கேபிளை நேராக மாட்டி, இஞ்சினை ஓட்டி, பேட்டரியில் வோல்ட் பாருங்கள். ஆல்டர்னேட்டர் வண்டியில் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். எல்இடி பல்புகள் போட்டிருந்தால் இண்டிகேட்டர் மின்னாமல் போகலாம், அல்லது படபடவென்று அடிக்கலாம். இண்டிகேட்டரை மின்னவைக்கும் பழைய பிளாஷர், பல்பின் கரண்டை நம்பி வேலை செய்வது, அதை எலக்ட்ரானிக் பிளாஷராக மாற்றினால் சரியாகும்.

முதல் கரடுமுரடு ஓட்டத்துக்குப் பிறகு எர்த் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்குங்கள். ஹெட்லைட்டைக் கால்மணி நேரம் எரியவிட்டு, பியூஸ் பாக்ஸையும் ரிலே கனெக்டரையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் அந்த லக்கைக் கழற்றி மறுபடி கிரிம்ப் செய்யுங்கள்.