கணினி மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வுப் பணி: விண்ணப்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்து மாணவர்கள் வெளிநாட்டு முனைவர் பட்டம் பற்றி முதலில் கேட்பது, "அங்கே சீட் கிடைக்குமா?" என்பதுதான். பாதித் தவறுகள் அந்தச் 'சீட்' என்ற சொல்லிலேயே தொடங்கிவிடுகின்றன. ஜெர்மனி, நெதர்லாந்து, நார்வே போன்ற நாடுகளில், கணினி வழியே மொழியை ஆராயும் கணினி மொழியியலிலும், மனம் மொழியை எப்படிக் கையாள்கிறது என்று ஆராயும் அறிதிறன் மொழியியலிலும் அறிவிக்கப்படும் இடங்களில் பல, சம்பளத்துடன் கூடிய வேலைகள். ஒரு பேராசிரியர் நிதி பெற்று நடத்தும் திட்டத்தில், முன்பே வரையறுத்த ஒரு கேள்விக்கு விடை தேடுவதற்காக ஆள் எடுக்கிறார்கள். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகையை வாங்கி, வழிகாட்டியைப் பிடித்து, பிறகு தலைப்பை யோசிக்கும் நம் வழக்கத்தோடு எழுதப்படும் கடிதத்தில் அந்தக் கேள்வியைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை.

குடியாத்தத்து மாணவி ஒருவர் என்னிடம் காட்டிய கடிதத்தின் முதல் பத்தி முழுவதும் தமிழின் தொன்மையைப் பேசியது. 2004இல் தமிழ் செம்மொழியாக அறிவிக்கப்பட்டதை அறிந்து தேர்வுக் குழு செய்யப்போவது ஒன்றுமில்லை. அவர்களுக்குப் பயன்படக்கூடிய செய்தியோ, 'தெரிந்த மொழிகள்' என்ற கடைசி வரியில் ஒளிந்திருந்தது: வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது பேசும் வீடுகளில் வளர்ந்தவர்களும் இதையே செய்கிறார்கள். இருமொழி பேசுவோரின் மனம் தனி ஆய்வுத்துறை. ஆனால் மூன்று மொழி தெரியும் என்று சொன்னால் போதாது. எதை எந்த வயதிலிருந்து பேசுகிறீர்கள், எதைப் பேச மட்டும் தெரியும், எதை வாசிக்கவும் தெரியும் என்று பிரித்து எழுத வேண்டும்.

பொறியியல் படித்தவர்களின் தவறு வேறு வகை. சாட்பாட் செய்தேன், துல்லியம் இத்தனை சதவீதம் என்று பட்டியல் போடுகிறார்கள்; ஆய்வுக் கேள்வி அதில் இல்லை. "நேற்று கோட்டை வாசலில் பூ விற்ற பெண்ணைப் பார்த்தேன்" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'பூ' வரை வந்தவர் 'வாங்கினேன்' போன்ற வினைமுற்றை எதிர்பார்த்திருக்கலாம். 'விற்ற' என்ற பெயரெச்சம் வந்ததும், 'நேற்று' விற்றதற்கு உரியதா பார்த்ததற்கு உரியதா என்பது தொங்கலில் நிற்கிறது. எந்தச் சொல்லில் வாசகரின் கண் தயங்குகிறது, அந்தத் தயக்கத்தைக் கணினி மாதிரியால் முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பவைதாம் இங்கே கேள்விகள். ஒரு சொல் எவ்வளவு எதிர்பாராததோ அவ்வளவு சிரமம் தரும் என்ற கருத்தை மொழியியல் ஆய்வாளர்களான ஜான் ஹேல் 2001இலும் ரோஜர் லீவி 2008இலும் கணக்காக வகுத்தார்கள். இதைப் படிக்காமல் நேர்காணலுக்குப் போனால் பேச்சு சீக்கிரம் வற்றிவிடும்.

தமிழ் அல்லது மொழியியல் எம்.ஏ. முடித்தவர்கள் கணினியைத் தட்டச்சுப்பொறியாகவே பார்க்கிறார்கள். 'மொழி' என்பது கண்ணுக்கு இரண்டு எழுத்து. கணினி எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையில் நான்கு குறியீடுகள். 'மொ'வில் உள்ள ஒகரக் குறியை ஒற்றைக்கொம்பு, கால் என்று பிரித்து உள்ளிட்டிருந்தால் ஐந்து. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்; ஒரே வடிவத்துக்குச் சீராக்காமல் எண்ணினால் கணினி இரண்டு வெவ்வேறு சொற்களாகக் கணக்கிடும். சொல் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பது வாசிப்பு வேகத்தைப் பெரிதும் பாதிப்பதால், அங்கே பிழைத்தது கடைசி முடிவு வரை பிழைக்கும். இதைத் தாமே கண்டுபிடித்துச் சரிசெய்த ஒருவர், அந்த அனுபவத்தைப் பத்து வரியில் எழுதினாலே நான்கு சான்றிதழ்களுக்குச் சமம் என்பது என் கருத்து.

புள்ளியியலையும் ஒதுக்க முடியாது. இருபது வாக்கியங்களில் கண்டதை மொழி முழுவதற்கும் பொருத்திவிடும் பிழையை உளமொழியியலாளர் ஹெர்பர்ட் கிளார்க் 1973லேயே சுட்டிக்காட்டினார்; ஆட்கள் வேறுபடுவதுபோல வாக்கியங்களும் வேறுபடும் என்பதைக் கணக்கில் கொள்ளாத எம்.ஏ. ஆய்வேடுகளை இன்றும் பார்க்கிறேன்.

காசு கொடுத்து வாங்கிய இறுதியாண்டு புராஜெக்ட்டைக் கடிதத்தில் குறிப்பிடாதீர்கள். நேர்காணலில் இரண்டாவது கேள்விக்குத் தாங்காது. ஐம்பது பேராசிரியர்களுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்புவதும் வீண்.

பரிந்துரைக் கடிதத்தில், "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்ற பழக்கம் நம்மிடம் உண்டு. இரண்டு பேராசிரியர்களின் கடிதங்கள் ஒரே நடையில் இருப்பதைக் கண்டுபிடிக்க மொழியியலாளர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? அறிவிப்பையும் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தையும் கையில் கொடுத்து, கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கேளுங்கள். துறைத்தலைவரின் புகழுரையைவிட, உங்கள் ஆய்வேட்டை வரிவரியாகத் திருத்திய உதவிப் பேராசிரியர் எழுதும் அரைப் பக்கம் அதிகம் பயன்படும்.