கிரியேட்டின் எடுப்பவர்கள் கிட்னி விஷயத்தில் செய்யும் தவறுகள்

தசை வலுவுக்காக ஜிம்முக்குப் போகிறவர்கள் எடுக்கும் கிரியேட்டின் பவுடரைத் தொடங்கிய சில வாரங்களில் ரத்தப் பரிசோதனை செய்தால், ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவு) 1.4 என்று வந்து, பக்கத்தில் 'அதிகம்' என்ற குறியும் இருக்கலாம். அந்த ஒரு எண்ணை வைத்துக் கிட்னி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கிரியேட்டின் நம் உடலே தயாரிக்கும் பொருள். சுமார் 95 சதவீதம் தசைகளில்தான் இருக்கிறது. அதில் நாளொன்றுக்கு 1 முதல் 2 சதவீதம் தானாகவே கிரியேட்டினினாக மாறி, சிறுநீரில் வெளியேறுகிறது. தசையில் இருப்பு கூடினால் இந்தக் கழிவும் கொஞ்சம் கூடத்தான் செய்யும். சிறுநீரகம் வடிகட்டும் வேகம் துளியும் குறையாமலே எண் ஏறிவிடும்.

அதே ரிப்போர்ட்டில் ஈஜிஎஃப்ஆரும், அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடும், குறைந்திருக்கிறதே என்று கேட்கலாம். அது தனியாக அளந்து சொல்வதல்ல. அதே கிரியேட்டினினோடு வயதையும் பாலினத்தையும் சேர்த்துப் போடும் கணக்கு. முதல் எண் ஏறினால் இது இறங்கியே தீரும்.

இதற்கு நேர் எதிரான தவறுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. "பவுடர் எடுக்கிறேன், அதனால்தான் கூடியிருக்கும்" என்று ரிப்போர்ட்டை மூடி வைத்துவிடுவது. சிறுநீரக நோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது, வீங்காது, எதையும் காட்டிக்கொள்ளாது. சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, மூன்று நான்கு வாரம் பவுடரை நிறுத்திப் பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்கள் கடுமையான உடற்பயிற்சி வேண்டாம், முந்தைய இரவு நிறைய இறைச்சியும் வேண்டாம். இரண்டுமே கிரியேட்டினினை ஏற்றும். காத்திருக்க முடியாதென்றால் ரத்தத்தில் சிஸ்டாட்டின் சி என்ற வேறொரு புரதத்தை அளக்கும் பரிசோதனை இருக்கிறது. அது கிரியேட்டினைச் சார்ந்ததல்ல. கூடவே சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். அது தொடர்ந்து கசிந்தால் பழியைப் பவுடர் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

டாக்டரிடம் மறைப்பதும் நிறைய நடக்கிறது. திட்டுவாரோ என்ற தயக்கம்தான். ஆனால் பவுடர் எடுப்பது தெரியாமல் அந்த ரிப்போர்ட்டைப் பார்க்கும் டாக்டர், தேவையில்லாத பரிசோதனைகளுக்கு அனுப்பக்கூடும்.

அப்புறம் அளவு. தசையில் கிரியேட்டின் நிரம்ப ஒரு நாளைக்கு 3 முதல் 5 கிராம் போதும், மூன்று நான்கு வாரத்தில் நிரம்பிவிடும். முதல் வாரம் தினமும் 20 கிராம் எடுக்கும் 'லோடிங்' முறையில் அதே இடத்துக்குச் சீக்கிரம் போகலாம், அவ்வளவுதான். அதை வாரக்கணக்கில் தொடர்வதால் பலன் இல்லை. தசை நிரம்பிய பிறகு மிச்சம் சிறுநீரில்தான் போகும், வயிற்றுப்போக்கும் வரலாம்.

ஆரோக்கியமானவர்களிடம் நடந்த ஆய்வுகளில் சரியான அளவு கிரியேட்டின் சிறுநீரகத்தைக் கெடுத்ததாகத் தெரியவில்லை. இதில் 'ஆரோக்கியமானவர்கள்' என்பதைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள், ஒரே கிட்னியோடு இருப்பவர்கள், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. மற்றவர்களும் ஆரம்பிக்கும் முன் ஒருமுறை கிரியேட்டினின் பார்த்து வைப்பது நல்லது. பின்னால் எண் ஏறினால் எதிலிருந்து ஏறியது என்று தெரிய வேண்டுமே.

உடல்வலிக்காக ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகளைத் தினமும் போட்டுக்கொண்டு, கிரியேட்டினை மட்டும் சந்தேகிப்பவர்களும் உண்டு. அந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. வியர்த்து நீர் வற்றிய உடம்பில் ஆபத்து இன்னும் அதிகம்.

வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். கிரியேட்டின் மோனோஹைட்ரேட் ஒன்று மட்டும் இருந்தால் போதும். பத்துப் பதினைந்து பொருட்கள் கலந்து, எது எவ்வளவு என்று சொல்லாத கலவை வேண்டாம். வெளி ஆய்வகம் ஒன்று பரிசோதித்ததாகச் சான்று இருந்தால் இன்னும் நல்லது.