பறவைப் படம் எடுக்கப் பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் முதல் சீசன் முழுக்க நான் எடுத்த படங்களில், பறக்கும் கூழைக்கடாவின் இறகு தெளிவாக விழுந்தது ஒன்றுகூட இல்லை. லென்ஸ்தான் காரணம் என்று முடிவு கட்டி, பெரிய லென்ஸுக்குப் பணம் சேர்க்கத் தொடங்கினேன். சேர்வதற்குள் அடுத்த சீசன் வந்துவிட்டது. அதே 55–250 மி.மீ. லென்ஸில் நல்ல படங்கள் கிடைத்தன. இடையில் நான் கற்றுக்கொண்டது சில அமைப்புகளை மட்டும்தான்.

அதில் முதலாவது, ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறனை, ஏற்றப் பயப்படாமல் இருப்பது. ஐஎஸ்ஓ கூடினால் படம் கெட்டுவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு 400-ஐத் தாண்டவே மாட்டேன். மாலை ஐந்தரைக்கு நாரைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும்போது வெளிச்சம் இறங்கியிருக்கும். 400-இல் ஷட்டர் வேகம், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், 1/160 நொடிதான் கிடைக்கிறது என்று வையுங்கள். அதற்குள் சிறகும் அசைந்துவிடும், நம் கையும் அசைந்துவிடும். அதே வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவை 3200 ஆக்கினால் ஷட்டர் எட்டு மடங்கு வேகமாகி 1/1250-ஐத் தொடும். கூழைக்கடா, நாரை போல நிதானமாகச் சிறகடிக்கும் பெரிய பறவைகளுக்கு இது போதும். மீன்கொத்தி பாயும்போது என்றால் 1/2000-க்கு மேல் வேண்டும். படத்தில் நாய்ஸ், அதாவது மணல் தூவியதுபோன்ற புள்ளிகள், வரும்தான். அதைக் கணினியில் பெருமளவு குறைக்கலாம். அசைவால் கலங்கிப்போன இறகை அப்படி மீட்க முடியாது.

"லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே" என்று கேட்பவர்கள் உண்டு. அது நம் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், பறவையின் அசைவை அல்ல.

அடுத்தது வெள்ளைப் பறவைகள். கொக்கையும் கரண்டிவாயனையும் எடுத்தால் சுண்ணாம்பு அடித்ததுபோல் இறகின் வரியே தெரியாமல் போகும். காரணம் எளிது. கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். பின்னால் கருத்த நீரோ அடர்ந்த மரமோ இருந்தால், காட்சி இருட்டாக இருக்கிறது என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். அப்போது, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை −1 பக்கம் தள்ளுங்கள். பறவை வெளிறிய வானத்துக்கு எதிரே பறந்தால் கதை தலைகீழ். உடல் கருத்துவிடும், +1 வேண்டும். ஒரு படம் எடுத்ததும் ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தின் இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாகக் காட்டும் வரைபடத்தை, பாருங்கள். வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றால் வெள்ளையில் இருந்த விவரம் போய்விட்டது என்று பொருள்.

ஜேபெக்கில் மட்டும் எடுப்பதும் தவறுதான். அதில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகளே உண்டு. கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384. சற்றுப் பிசகிய வெளிச்சத்தைத் திருத்த அந்த இடைவெளிதான் கைகொடுக்கும்.

சென்னைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. விடிகாலையில் ஏசி அறையிலிருந்து கேமராவை எடுத்துப்போய் ஏரிக்கரையில் பையைத் திறந்தால் லென்ஸ் முழுக்கப் பனி படியும். மூடிய பையிலேயே அரைமணி நேரம் விட்டுவையுங்கள், வெளி வெப்பத்துக்குப் பழகட்டும். வீட்டில் துணி அலமாரியில் வைத்தால் மழைக்காலம் முடிவதற்குள் கண்ணாடிக்குள் பூஞ்சை நூல் விட ஆரம்பித்துவிடும். ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைக்கும் டிரை கேபினெட் பெட்டி வாங்க முடியாவிட்டால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு சிறிய ஈரப்பதமானியையும் போட்டு, 40 முதல் 50 சதவீதத்துக்குள் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன தவறுகளால் நமக்குத்தான் நட்டம். கூட்டருகே போவது அப்படியல்ல. ஆள்காட்டிக் குருவி வெட்ட வெளியில், வெறுந்தரையில் முட்டையிடும். உச்சி வெயிலில் தாய்ப்பறவை மேலே நின்று நிழல் கொடுக்கும். வயிற்று இறகை நீரில் நனைத்துவந்து முட்டையைக் குளிர்விக்கும். நாம் அருகில் உட்கார்ந்துகொண்டு அது திரும்பி வரட்டும் என்று காத்திருக்கும் பத்து நிமிடமும் முட்டைகள் வெயிலில் கிடக்கின்றன. போதாததற்கு, நம் நடமாட்டத்தைக் காக்கைகள் கவனித்துக்கொண்டிருக்கும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதை வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. வேடந்தாங்கல் ஊர்மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை.

ஆகவே தலைக்கு மேல் ஆள்காட்டி கத்திக்கொண்டே சுற்றினால், தரையைப் பார்த்துக் கால் வைத்து, வந்த வழியே திரும்பிவிடுங்கள். அறியாமல் கூடு படத்தில் விழுந்திருந்தால் இடத்தின் பெயரோடு அதை வெளியிடாதீர்கள். மறுநாளே பத்துப் பேர் கேமராவோடு அங்கே வந்து நிற்பார்கள்.