15 வருடப் பழைய பைக்கை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோகும் முன் செய்யக்கூடாத தவறுகள்

பைக்குக்கு 15 வயது ஆனால் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். டெல்லியில் பழைய வண்டிகளுக்குத் தடை என்று அடிக்கடி வரும் செய்திகளால் வந்த பயம் அது. தமிழ்நாட்டில் அப்படி இல்லை. சொந்த உபயோக பைக்கின் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும். அதற்கப்புறம் வண்டியைக் காட்டி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

முதல் தவறு, அந்தத் தேதியைப் பார்க்காமலே இருப்பது. ஆர்.சி.யில் அது அச்சாகியே இருக்கிறது. காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்தே படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரலில் பைக்குக்கான புதுப்பிப்புக் கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் ஆகிவிட்டது. பழைய வண்டிகளுக்கான பசுமை வரி தனி. தேதி தாண்டினால் தாமதக் கட்டணமும் சேரும்.

இரண்டாவது தவறுதான் பெரியது. வண்டியைக் காட்ட வேண்டும் என்றதும் நேராகப் பெயின்டரிடம் போய் நிற்பது. பிரேக் இன்ஸ்பெக்டர் (நம் ஊரில் மோட்டார் வாகன ஆய்வாளருக்கு இதுதானே பெயர்) பளபளப்பைப் பார்ப்பதில்லை. ஆர்.சி.யில் இருக்கிற வண்டியும் எதிரே நிற்கிற வண்டியும் ஒன்றுதானா என்பதைத்தான் முதலில் பார்ப்பார். அதற்கு அவருக்குத் தேவை சேசிஸ் நம்பர். பெரும்பாலான பைக்குகளில் அது ஹேண்டில்பாருக்குக் கீழே, ஃப்ரேமின் கழுத்தில் பொறித்திருக்கும். 15 வருடத் துருவும் தூசியும் படிந்திருக்கிற இடம். அதன்மேல் புதுப் பெயின்டைக் கனமாக அடித்துவிட்டால் எழுத்துப் பள்ளமே மூடிப்போகும். சிலர் இதற்கு நேரெதிராக, உப்புத்தாளை வைத்துத் தேய் தேய் என்று தேய்த்து எண்ணையே அழித்துவிடுகிறார்கள். துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு பழைய டூத்பிரஷ், இது போதும். காய்ந்த பிறகு எண்மேல் பென்சிலால் தேய்த்து, செல்லோ டேப்பை ஒட்டி உரித்தால் அச்சு அப்படியே வந்துவிடும். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். தெளிவாக இல்லை என்று பட்டறையில் நீங்களாகவே திரும்பக் குத்திவிடாதீர்கள். திருட்டு வண்டி என்கிற சந்தேகம் வரும். மறுபடி பொறிக்க ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும்.

எஞ்சின் நம்பருக்கும் இதே கதைதான். அது பொறித்திருக்கிற கிராங்க் கேஸ் (எஞ்சினின் அடிக்கூடு) உடைந்து, பழைய சாமான் கடையிலிருந்து வேறு ஒன்றை வாங்கிப் பொருத்திய வண்டிகள் நம்மிடையே ஏராளம். ஆர்.சி.யில் அந்த மாற்றம் ஏறியிருக்காது. கறுப்பு வண்டியைச் சிவப்பாக்கியதும் அப்படித்தான். பழைய ஆர்.சி. புத்தகமாக இருந்தால், விவரங்கள் அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் ஏறியிருக்கின்றனவா, எண்ணைத் தட்டச்சு செய்ததில் பிழை உண்டா என்றும் பாருங்கள். வண்டியைத் தவணையில் வாங்கி, கடனை எப்போதோ அடைத்துவிட்டு, ஆர்.சி.யில் இருக்கும் எச்.பி.யை (வண்டிமேல் கடன் இருக்கிறது என்ற குறிப்பை) ரத்து செய்யாமல் விட்டவர்களும் உண்டு. கடன் கொடுத்த நிறுவனம் இன்றைக்கு இருக்கிறதா, எதனுடனாவது இணைந்துவிட்டதா என்று தேடவே நாள் பிடிக்கும். பெயின்ட் வேலையெல்லாம் இவற்றுக்கு அப்புறம்.

புகைச் சான்றிதழ் விஷயத்தில் ஒரு குறுக்கு வழி உலவுகிறது. கார்புரேட்டரின் ஸ்க்ரூவைத் திருகிப் பெட்ரோலைக் குறைத்து, சான்றிதழ் வாங்கியதும் பழையபடி வைத்துவிடுவது. எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. 2000 மார்ச்சுக்குப் பின் வந்த நான்கு ஸ்ட்ரோக் பைக்குக்கு கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்துக்குள்ளும், ஹைட்ரோகார்பன் 4,500 பி.பி.எம்.முக்குள்ளும் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இருக்க வேண்டும். முன்னது அதிகமானால் அடைத்துப்போன ஏர் ஃபில்டர், முழுதாகத் திறக்காத சோக் ஆகியவற்றைப் பாருங்கள். பின்னது அதிகமானால் பிளக், வால்வு இடைவெளி. இவற்றைச் சரிசெய்தால் ஸ்க்ரூவைத் தொடவே வேண்டாம், மைலேஜும் கூடும். சோதனைக்கு எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு போங்கள்.

டிரம் பிரேக் பிடிக்கவில்லை என்றால் பிரேக் ராடின் நட்டை முறுக்கிக்கொண்டே போவது நம் வழக்கம். மிதிக்கும்போது, டிரம் தட்டில் இருக்கும் அம்புக்குறி அங்கேயே உள்ள கோட்டைத் தொட்டுவிட்டால் ஷூ தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் முறுக்கிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். டயரில் டி.டபிள்யூ.ஐ. (TWI, தேய்மான அடையாளம்) என்று குறித்த இடத்துக்கு நேரே பள்ளத்தில் ஒரு மேடு தெரியும்; பட்டன் அதுவரை தேய்ந்திருந்தால் டயரையும் மாற்றுங்கள்.

கழற்றிப் பரணில் போட்டவற்றை மறந்துவிடாதீர்கள். இரண்டு கண்ணாடி, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர், அப்புறம் சேலை கார்டு. அழகைக் கெடுக்கிறது என்று பையன்கள் முதலில் கழற்றுவது அதைத்தான். ஆனால் பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பும், பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. சத்தம் போடும் சைலன்சர் இருந்தால் கம்பெனி சைலன்சரைத் திரும்ப மாட்டிவிடுங்கள். நம்பர் பிளேட்டில் தலைவர் படமும் வளைந்த எழுத்தும் வேண்டாம். பின் பிளேட்டில் எழுத்து 35 மில்லிமீட்டர், எண் 40 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும்.

காட்டப் போகும் அன்று காலையில் வாட்டர் சர்வீஸ் விடாதீர்கள். டிரம்முக்குள் தண்ணீர் இறங்கினால் நல்ல பிரேக்கும் வழுக்கும். முந்தின நாளே கழுவி, கொஞ்ச தூரம் ஓட்டிக் காயவிடுங்கள். இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கட்டும், பழைய அபராதச் சலான் பாக்கி இருந்தால் கட்டிவிடுங்கள். புது ஆர்.சி. கைக்கு வந்ததும் பெயர், சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், தேதி நான்கையும் அன்றைக்கே சரிபாருங்கள். பிழையிருந்தால் உடனே திருத்தக் கொடுங்கள்.